பெட்டிக்குத் துடக்கு

சிவரூபன்: சுவிச்சைப் போடாதையும்! என்ரை கை உள்ளுக்கை நிக்குதெல்லே!

பிரதீபா: ஐயோ, போடேல்லை அண்ணை. சும்மா கிட்டக் கை வச்சனான்.

சிவரூபன்: கிட்டவும் வைக்காதையும். போய் அந்தக் கதிரையில இரும்... ம். இப்பச் சொல்லும், காலமை என்ன நடந்தது?

பிரதீபா: போனில சொன்னனான்தானே. ஏழு மணிக்கு வேலைக்கு இருப்பம் எண்டு கொம்பியூட்டரைப் போட்டன். பெட்டி உறுமுது, காத்தாடி சுத்துது, மொனிற்றர் மட்டும் கறுப்பாவே நிக்குது. உள்ளுக்கை இருந்து கீ... கீ... கீ எண்டு ஒரு சத்தம்.

சிவரூபன்: மூண்டு தரமோ?

பிரதீபா: ஆர் எண்ணினது? என்ரை நெஞ்சு அடிச்ச அடியில...

சிவரூபன்: மூண்டெண்டா றாம். உந்தா, உந்த நீட்டுப் பச்சை மெமறித் துண்டு.

பிரதீபா: அது செத்துப்போச்சோ?

சிவரூபன்: கழட்டிப் பாக்காமல் என்னண்டு சொல்லுறது? சுன்னாகத்தில கொம்பியூட்டர் கடையைப் பூட்டிப்போட்டு ஓடி வந்திருக்கிறன். ஒரு அஞ்சு நிமிசம் மூச்சு விட விடும்.

பிரதீபா: விடலாம் அண்ணை, நேரம் விடுகுதில்லையே. இப்ப பத்தேகால். நாலு மணிக்குப் புத்தகம் திருநெல்வேலிப் பிறஸில நிக்கவேணும்.

சிவரூபன்: ஆற்றை கல்வெட்டு?

பிரதீபா: பத்மாவதி ரீச்சரின்ரை. நாளையிண்டைக்கு ரீச்சர் செத்து முப்பத்தொண்டாம் நாள். காலமை கீரிமலையில அந்தியேட்டிக் கிரியை, மத்தியானம் வீட்டில சாப்பாடு. ரீச்சரின்ரை கதையைப் போட்டு, சாப்பிட்டு எழும்புற சனத்தின்ரை கையில குடுக்கிற புத்தகம். நாப்பத்தெட்டுப் பக்கம். இண்டைக்கு நாலு மணிக்குத் தந்தாத்தான் நாளைக்கு அடிச்சுக் கட்டுவம் எண்டு பிறஸ்காரர் சொல்லிப்போட்டினம்.

சிவரூபன்: ஒருநாள் பிந்தினா?

பிரதீபா: கலியாணமெண்டா நாளை மாத்தலாம். முப்பத்தொண்டை முப்பத்திரண்டாக்கேலுமோ?

சிவரூபன்: ...அது சரிதான்.

பிரதீபா: ஒரு புத்தகம் பிந்தினாக் காணும். பிறகு இணுவிலில ஒருத்தரும் எனக்குக் கல்வெட்டு வேலை தராயினம். எனக்கும் அம்மாவுக்கும் சோறு போடுறது உந்தப் பெட்டிதான் அண்ணை.

சிவரூபன்: தெரியும் பிள்ளை, அதுதானே வந்தனான். கொஞ்சம் போன் வெளிச்சத்தைப் பிடியும்... இஞ்சாலை... இன்னும் கீழ... என்ன உது?

பிரதீபா: என்ன?

சிவரூபன்: றாமின்ரை தகட்டுப் பல்லெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. ரெண்டு மூண்டு பல்லுப் பச்சையும் பூத்திட்டுது. பிரதீபா, உந்தப் பெட்டிக்கு ஆரேன் கறி ஊத்தினவையோ?

பிரதீபா: ...அம்மா! அம்மா, ஒருக்கா இஞ்சை வாங்கோ!

அருமைநாயகி: வாறன் வாறன்... தம்பிக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணி வச்சனான். என்ன பிள்ளை?

பிரதீபா: உந்தப் பெட்டிக்கு மேல மஞ்சள் தண்ணி தெளிச்சனீங்களோ?

அருமைநாயகி: ...ஆர் சொன்னது?

சிவரூபன்: பெட்டி சொல்லுது அம்மா.

அருமைநாயகி: வெள்ளிக்கிழமையளில ரெண்டு துளி தம்பி. மாவிலையாலதான். கூடத் தெளிக்கிறேல்லை.

பிரதீபா: கரண்டில ஓடுற சாமானுக்கு ஆரேன் தண்ணி தெளிப்பினமோ அம்மா?

அருமைநாயகி: நீ சும்மா இரு! ஊரில செத்த ஆக்களின்ரை படம், பிறந்த கதை, செத்த கதை எல்லாத்தையும் கொண்டந்து உதுக்குள்ளதானே அடையிறாய். செத்தவீட்டால வந்தா மனிசர் கிணத்தடியில தலையில வாத்துப்போட்டுத்தான் வீட்டுக்குள்ள வருகினம். உந்தப் பெட்டி மட்டும் முழுகாமல் கொள்ளாமல் சாமியறைக்குப் பக்கத்தில இருக்குது. துடக்கெல்லே, தீட்டெல்லே?

சிவரூபன்: பெட்டிக்குத் துடக்கு!

பிரதீபா: சிரிக்காதையுங்கோ அண்ணை, எனக்கு அழுகை வருது.

சிவரூபன்: இல்லை... சிரிக்கேல்லை... இருபது வருசமாப் பெட்டி கழட்டுறன். உள்ளுக்கைப் பல்லி செத்துக் கிடந்து கண்டிருக்கிறன். எறும்பு குடும்பம் நடத்திக் கண்டிருக்கிறன். துடக்குக் கழிச்ச பெட்டியை இண்டைக்குத்தான் காணுறன்.

அருமைநாயகி: தம்பி, என்னாலதானோ பழுதாப்போச்சு? மறைக்காமல் சொல்லும்.

சிவரூபன்: பயப்பிடாதையுங்கோ அம்மா, துடைச்சு எடுக்கலாம். அழிறப்பர் ஒண்டு இருக்கோ? பள்ளிக்கூடப் பிள்ளையள் பென்சிலை அழிக்கிறது.

அருமைநாயகி: மேசை லாச்சிக்குள்ள கிடந்தது... பொறும், எடுத்தாறன்.

பிரதீபா: அழிறப்பரால கொம்பியூட்டர் திருத்துறதோ? பகிடி விடாதையுங்கோ.

சிவரூபன்: பல்லுத் தீட்டிவிடப் போறன். நீர் பாருமன். தாங்கோ அம்மா... இப்பிடி மெதுவா... ஒரே பக்கத்துக்கு இழுக்கவேணும்... கண்டீரோ மினுங்குறதை? அடுத்த பக்கம்... ம். தூசை ஊதிவிட்டாச்சு. இப்ப இருத்துறன்... டக்! பிடிச்சிட்டுது.

பிரதீபா: இப்ப போடட்டோ?

சிவரூபன்: போடும்.

பிரதீபா: முருகா... போட்டிட்டன்.

அருமைநாயகி: என்ன பிள்ளை, கத்துதோ?

பிரதீபா: கத்தேல்லை! அம்மா, கத்தேல்லை! வெளிச்சம் வருது அண்ணை, எழுத்து வருது! இணுவில் கந்தனுக்கு ஒரு தேங்காய் உடைக்கிறன்!

சிவரூபன்: தேங்காயைக் கொஞ்சம் கையில வச்சிரும். உந்த வட்டம் சுத்துறதைப் பாரும்... சுத்துது... சுத்துது... கறுத்திட்டுது. திரும்பவும் முதல்ல இருந்து வருது.

பிரதீபா: ஏன்?

சிவரூபன்: நேற்றுப் பின்னேரம் ஒழுங்கா நிப்பாட்டிப்போட்டோ எழும்பினனீர்?

பிரதீபா: நிப்பாட்டினனான். உடன நிக்கேல்லை. புதுப்பிச்சுக்கொண்டு இருக்கிறன், அணைக்காதையுங்கோ எண்டு காட்டிச்சு. சரி, அது தன்ரை பாட்டில செய்யட்டும் எண்டு விளக்கு வைக்கப் போனன். நான் நெருப்புப்பெட்டியை எடுக்க, கரண்ட் நிண்டிட்டுது.

சிவரூபன்: அதுதான் விசயம். விண்டோஸ் பாதி மாறி, பாதி மாறாமல் நிக்குது. றாம் அம்மான்ரை வேலை, இது கரண்டின்ரை வேலை. ஒரே உடம்பில ரெண்டு வருத்தம்.

அருமைநாயகி: அப்ப என்ரை பங்கு பாதிதான்.

பிரதீபா: அம்மா, போய்த் தேத்தண்ணியைப் பாருங்கோ!

சிவரூபன்: மூண்டு விதமா எழுப்பிப் பாக்கலாம்... இது முதலாவது... சரிவரேல்லை. ரெண்டாவது... ம்கூம். இப்பிடிக் குடுத்தா... அதுவும் இல்லை. பிள்ளை, இது எழும்பாது. விண்டோஸைப் புதுசா ஏத்தவேணும்.

பிரதீபா: ஏத்துங்கோ அண்ணை. என்னத்துக்கு யோசிக்கிறியள்?

சிவரூபன்: ஏத்தினா சி டிரைவில இருக்கிறது முழுக்கப் போகும். ரீச்சரின்ரை புத்தகம் டி டிரைவிலதானே வச்சிருக்கிறீர்?

பிரதீபா: டெஸ்க்ரொப்பில.

சிவரூபன்: முழுக்கவோ?

பிரதீபா: கண்ணுக்கு முன்னால கிடந்தாத்தான் எனக்கு வேலை ஓடும் அண்ணை.

சிவரூபன்: எத்தினை தரம் சொன்னனான்? டெஸ்க்ரொப்பில கிடக்கிறது சி டிரைவில கிடக்கிற மாதிரித்தான். வாசல்ல நெல்லைக் காயவிட்டிட்டு மழை வராது எண்டு நினைக்கிற ஆளெல்லே நீர்!

பிரதீபா: பேச்சைப் பிறகு பேசுங்கோ. எடுக்கலாமோ, எடுக்கேலாதோ? மூண்டு கிழமை இருந்து அடிச்சது. ரீச்சரின்ரை மகள் சாருஜா கனடாவில இருந்து வந்து நிக்கிறா. ரீச்சரிட்டைப் படிச்ச ஆக்கள் எங்கெங்கையோ இருந்து போனில பேசி அனுப்பினதை எல்லாம் கேட்டுக் கேட்டு அடிச்சனான். ஒரு மனிசன் கதைக்கத் தொடங்கி அழுது... அந்த அழுகைக்குப் பிறகு சொன்ன ரெண்டு வரிதான் புத்தகத்திலயே நல்ல வரி. இனி அதைத் திரும்ப அடிக்க நேரமில்லை அண்ணை.

சிவரூபன்: எடுக்கலாம். அந்த முகத்தைத் துடையும் முதல்ல. என்னட்டை ஒரு பென் டிரைவ் இருக்கு, பென்னில இருந்தே கொம்பியூட்டர் எழும்பும். எழும்பினா டெஸ்க்ரொப்பை அப்பிடியே அள்ளி வெளியில எடுக்கலாம்.

பிரதீபா: அதை முதலே சொல்லியிருக்கலாமே!

சிவரூபன்: சொன்னா இனியும் டெஸ்க்ரொப்பிலதான் வைப்பீர்.

அருமைநாயகி: இந்தாரும் தம்பி தேத்தண்ணி. சீனி கூடவோ?

சிவரூபன்: காணும் அம்மா... இந்தா, பென் எழும்பியிட்டுது. உம்மடை ஃபோல்டர் எது?

பிரதீபா: அந்தா, பத்மாவதி ரீச்சர் எண்டு கிடக்கு. கிடக்கு அம்மா! ரீச்சர் கிடக்கிறா!

அருமைநாயகி: செத்த மனிசி கிடக்கிறா எண்டு கத்தாதை பிள்ளை, அயலட்டை ஓடி வரப்போகுது.

சிவரூபன்: கொப்பி ஆகுது. பத்து வீதம்... இதுக்கு இனி அவசரப்பட்டுப் பிரயோசனமில்லை.

பிரதீபா: நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன் அண்ணை? உண்மையாச் சொல்லுறன். காலமை திருநெல்வேலியில ரெண்டு கடைக்குப் போன் எடுத்தனான். பெட்டியைக் கொண்டந்து வையுங்கோ, திங்கட்கிழமை பாக்கிறம் எண்டினம். பெட்டியைத் தூக்கி பஸ்ஸில நான் என்னண்டு போறது? நீங்கள்தான் ஒரு கேள்வியும் கேளாமல் வாறன் எண்டனீங்கள்.

சிவரூபன்: அது... பக்கத்தில தானே. சுன்னாகத்தில இருந்து பத்து நிமிசம்.

பிரதீபா: மற்றவைக்கு நாளைக்கு எண்டு சொல்லுவியளாம். எங்களுக்கு மட்டும் பத்து நிமிசம். அண்டைக்கு என்னோட படிச்ச கஜானி கேட்டவள், உங்களுக்கு அவர் என்ன சொந்தம் எண்டு.

சிவரூபன்: ...எழுபது வீதம்.

பிரதீபா: கதையை மாத்துறியள்.

சிவரூபன்: முடிஞ்சுது. இப்ப ரெண்டாவது தரம் என்ரை லப்ரொப்பில போடுறன்.

பிரதீபா: ஒருக்காப் போட்டாக் காணாதோ?

சிவரூபன்: காணாது. பிறகு உம்மடை பென்னிலயும் ஒண்டு.

பிரதீபா: மூண்டு கொப்பியோ! அண்ணை, பன்னிரண்டரை ஆகுது. கலியாணக் காட்டைக்கூட ஒரு வீட்டுக்கு ஒண்டுதான் குடுப்பினம்.

சிவரூபன்: பிந்தினாலும் பரவாயில்லை. கொப்பி எடுக்காமல் நான் கை வைக்கமாட்டன்.

பிரதீபா: பேயைக் கண்ட மாதிரி ஏன் உந்தப் பயம்? சரி, நான் அடிச்ச வேர்ட் ஃபைலை லப்ரொப்பில ஒருக்காத் திறந்து காட்டுங்கோ... ஐயோ! என்ன இது? தமிழ் ஒண்டையும் காணேல்லை. கண்டபடி இங்கிலீசு எழுத்தும் புள்ளியும் கோடும்!

சிவரூபன்: நீர் பாமினி எண்ட ஃபொன்ட் எழுத்தில அடிக்கிறனீரோ?

பிரதீபா: ஓம்.

சிவரூபன்: என்ரை லப்ரொப்பில பாமினி இல்லை. பொறும், உம்மடை டிஸ்க்கில இருந்து எழுத்தை எடுத்துப் போடுவம்... இப்பப் பாரும்.

பிரதீபா: ...வந்திட்டுது. அமரர் பத்மாவதி... முழுக்க வந்திட்டுது. ஐயோ அண்ணை, வயித்துக்குள்ள பால் வாத்திட்டியள். இனி உங்கடை லப்ரொப்பில வச்சே வேலையை முடிப்பமே?

சிவரூபன்: நீர் பக்கம் கட்டுற புறோகிராம் பழசு. இதில ஏறாது. அதை ஏத்துற சாமான் எங்கை கிடக்கு?

பிரதீபா: டி டிரைவில. அதை மட்டும் நீங்கள் சொன்ன மாதிரி அங்கை வச்சனான். பழைய கல்வெட்டெல்லாமும் அங்கைதான். அப்பான்ரை படங்களும்.

சிவரூபன்: டி டிரைவ் முழுக்கக் கொப்பி எடுக்கேலாது. இண்டைக்கு நேரம் காணாது.

பிரதீபா: அதைத் தொடத் தேவையில்லைத்தானே. சி டிரைவை மட்டும் அழிச்சுப்போட்டு ஏத்துங்கோ.

சிவரூபன்: ம்... அம்மா எங்கை?

பிரதீபா: குசினிக்குள்ள. உங்களுக்கும் சேத்துச் சமைக்கிறா. சாப்பிடாமல் விடமாட்டா, சொல்லிப்போட்டன்.

சிவரூபன்: ...சரி. விண்டோஸ் பென்னைப் போட்டிட்டன். வருது. இதைக் குடுத்து... அடுத்தது... இந்தா, பெட்டிக்குள்ள என்னென்ன கிடக்கெண்டு கேட்குது.

பிரதீபா: சி, டி எண்டு பேர் ஒண்டும் இல்லையே. வெறும் இலக்கம்தான் கிடக்கு.

சிவரூபன்: இந்த இடத்தில பேர் காட்டாது. ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு இலக்கமும், எவ்வளவு பெரிசு எண்டும்தான் காட்டும். மாறி அழிச்சா அழிச்சதுதான்.

பிரதீபா: சரி, அமத்துங்கோ.

சிவரூபன்: நீர் அமத்தும்.

பிரதீபா: நானோ? எனக்கு இதில என்ன தெரியும்?

சிவரூபன்: எது எண்டு நான் காட்டுறன். அமத்துறது மட்டும் நீர்.

பிரதீபா: விளையாடுறியளோ? ஒரு மணி தாண்டிப்போச்சு. நாளுக்குப் பத்துப் பேருக்கு விண்டோஸ் ஏத்துற மனிசன்...

சிவரூபன்: மற்ற வீடுகளில யோசிக்காமல் அமத்துவன். இந்த வீட்டில, இந்த மேசையில, இந்த இடத்துக்கு வந்தா ஏலாது.

பிரதீபா: ...ஏன் அண்ணை?

சிவரூபன்: உம்மடை அப்பா செல்வநாயகம் ஐயா செத்து இருபத்தினாலாம் நாள். அவற்றை கல்வெட்டை நீர்தான் அடிச்சுக்கொண்டு இருந்தனீர். கொம்பியூட்டர் நிண்டுபோச்செண்டு என்னைக் கூப்பிட்டனீர்.

பிரதீபா: ஓம். டிஸ்க் செத்துப்போச்சு எண்டு சொல்லிப் புதுசு ஒண்டு போட்டுத் தந்தனீங்கள்.

சிவரூபன்: செத்துப்போகேல்லை. நான்தான் மாறி அழிச்சனான். அண்டைக்கு டிஸ்க்கில சியும் டியும் ஒரே அளவு. கடையில ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம், போன் அடிச்சுக்கொண்டே இருக்குது, போனில கதைச்சுக் கதைச்சுக் கீழ கிடந்ததை அமத்திப்போட்டன். விண்டோஸ் ஏறி முடிஞ்சாப் பிறகுதான் பாத்தன், உம்மடை ஃபோல்டர் ஒண்டும் இல்லை. தகப்பனைப் பறிகுடுத்த பிள்ளைக்கு முன்னால என்னண்டு சொல்லுறது? டிஸ்க் செத்துப்போச்செண்டு வாயில வந்திட்டுது. வந்த பொய்யைத் திருப்பி எடுக்க எனக்குத் துணிவு இல்லாமல் போச்சு.

பிரதீபா: மெதுவாக் கதையுங்கோ. அம்மாவுக்குக் கேட்கும்.

சிவரூபன்: முப்பத்தொண்டுக்கு வந்தனான். புத்தகம் முழுசா அடிச்சு எல்லாருக்கும் குடுக்கிறீர். உம்மடை கண் ரெண்டும் சிவந்து வீங்கிக் கிடக்கு. ஒரு கிழமையா ராவும் பகலும் இருந்து திரும்ப அடிச்சிருக்குது இந்தப் பிள்ளை, அதுவும் தன்ரை தகப்பன்ரை கதையை எண்டு... சோறு இறங்கேல்லை எனக்கு. அண்டைக்குப் பிறகு ஆருக்கும் நான் டிஸ்க்கைச் சமனாப் பிரிச்சுக் குடுக்கிறேல்லை. உம்மடை புது டிஸ்க்கிலயும் பாரும், சி சின்னன், டி பெரிசு. குருடனும் மாறி அமத்தமாட்டான். எண்டாலும் கை வருகுதில்லை.

பிரதீபா: ...அப்ப மேல கிடக்கிற சின்னதுதானே சி?

சிவரூபன்: நான் சொன்னது கேட்டதோ உமக்கு?

பிரதீபா: கேட்டது. மேல கிடக்கிறதோ?

சிவரூபன்: ஓம், ரெண்டாவது. முதலாவது விண்டோஸின்ரை குட்டித் துண்டு, அதை விடும். நூற்றிருபது ஜிபி எண்டு போட்டிருக்கு.

பிரதீபா: அழி எண்டிறதை அமத்திறதோ?

சிவரூபன்: ஓம்... பொறும்! இன்னொருக்கா அளவைப் பாப்பம்... நூற்றிருபது. சரி. அமத்தும்.

பிரதீபா: அமத்திப்போட்டன்.

சிவரூபன்: ...அடுத்தது குடும். ம். ஏறுது. இனிக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

பிரதீபா: வாங்கோ, சாப்பிடுவம்.

சிவரூபன்: ஒண்டும் சொல்லமாட்டீரோ பிள்ளை?

பிரதீபா: நாலு மணிக்குப் பிறகு சொல்லுறன். இப்ப என்ரை தலைக்குள்ள ரீச்சர் மட்டும்தான் இருக்கிறா. அம்மா, சோத்தைப் போடுங்கோ!

அருமைநாயகி: போட்டு வச்சிருக்கிறன். வாரும் தம்பி, கையைக் கழுவும். கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும்தான். வெள்ளிக்கிழமை.

சிவரூபன்: வெள்ளிக்கிழமையோ! அம்மா, இண்டைக்கு மஞ்சள் தண்ணி...

அருமைநாயகி: ஐயோ தெளிக்கேல்லைத் தம்பி! நீர் வரமுந்திக் கரைச்சு வச்சதை முருங்கையடியில ஊத்திப்போட்டன்.

பிரதீபா: சாப்பிடுங்கோ அண்ணை. சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருக்கிறியள்.

சிவரூபன்: சாப்பிடுறன்... உந்தச் சத்தம் என்ன? எழும்பியிட்டுது போல. கையைக் கழுவிப்போட்டு வாறன்.

பிரதீபா: நில்லுங்கோ, நானும்... டி டிரைவ் கிடக்கோ? முதல்ல அதைப் பாருங்கோ!

சிவரூபன்: கிடக்கு.

பிரதீபா: எல்லாமோ?

சிவரூபன்: பாரும் நீரே. பழைய கல்வெட்டுகள்... புறோகிராம்... ஐயான்ரை படம்.

பிரதீபா: அம்மா, எல்லாம் கிடக்கு!

அருமைநாயகி: அப்பாடா. முருகன் கைவிடேல்லை.

சிவரூபன்: நேரம் ரெண்டரை. நான் பாமினியையும் புறோகிராமையும் ஏத்துறன். பிறகு கதிரை உம்மடை. புத்தகத்தில இன்னும் என்ன வேலை மிச்சம்?

பிரதீபா: கடைசிப் பக்கம். நன்றி நவிலல். சாருஜா அக்கா நேற்றுத்தான் பேர்களை அனுப்பினவ. வருத்தத்தில பாத்த டொக்டர்மார், தாதிமார், பந்தல் போட்ட ஆக்கள், பறையடிச்ச ஆக்கள், பக்கத்து வீட்டு வித்தியா... ஒருத்தரையும் விடக்கூடாது. ஒரு பேர் விடுபட்டா ஒரு குடும்பம் கோவிக்கும்.

சிவரூபன்: இந்தா, திறந்திட்டுது. இரும். அடியும்.

பிரதீபா: ...

சிவரூபன்: என்ன கெதியா அடிக்கிறீர்! கை தெரியுதில்லை.

பிரதீபா: இது எனக்கு மனப்பாடம் அண்ணை. நூறு வீட்டு நன்றியை அடிச்சாச்சு. எங்களுக்கு வாயால சொல்லத்தான் வராது... தாதிமார் போட்டிட்டன்... வித்தியா... முடிஞ்சுது. ஒருக்கா நீங்களும் வாசிச்சுப் பாருங்கோ, எழுத்துப் பிழை இருக்கோ எண்டு.

சிவரூபன்: ...இல்லை. சரியா இருக்கு.

பிரதீபா: அனுப்புறன்... போகுது... போயிட்டுது. பிறஸுக்கு ஒருக்கா எடுத்துக் கேட்பம்... ஹலோ, இணுவிலில இருந்து பிரதீபா. வந்ததோ? ...நாப்பத்தெட்டும் கிடக்கோ? ...எழுத்தெல்லாம் தமிழாத்தான் தெரியுதோ? ...சரி, சரி. மெத்தப் பெரிய உபகாரம். ...நாளைக்குப் பின்னேரம் வந்து எடுக்கிறன்.

அருமைநாயகி: என்னவாம்?

பிரதீபா: கிடைச்சிட்டுதாம் அம்மா. தொடங்கியிட்டினமாம். மூண்டே முக்காலுக்கு!

அருமைநாயகி: தம்பி, நீர் நல்லா இருக்கவேணும். உம்மடை மனிசி றெஜியும் பிள்ளையளும் நல்லா இருக்கவேணும். இண்டைக்கு எங்கடை மானத்தைக் காப்பாத்தின ஆள் நீர்.

சிவரூபன்: அப்பிடிச் சொல்லாதையுங்கோ அம்மா. எனக்குக் கூசுது. பிரதீபா... நாலு மணியாகப் போகுது. இனிச் சொல்லும்.

பிரதீபா: என்னத்தை?

சிவரூபன்: பேசும். நல்லாப் பேசும். உந்த வயரை எடுத்து ரெண்டு போட்டாலும் வாங்கிக்கொண்டு போறன். ரெண்டு வருசமா இதைச் சுமந்துகொண்டு திரியிறன்.

அருமைநாயகி: சொல்லன் பிள்ளை. அவர் தன்ரையைச் சொல்லிப்போட்டார். இனி உன்ரையை என்னத்துக்கு ஒளிக்கிறாய்?

பிரதீபா: அம்மா!

சிவரூபன்: உங்களுக்கும் கேட்டிட்டுதோ அம்மா?

அருமைநாயகி: கத்தரிக்காய் வெட்டுறதுக்குக் காது தேவையில்லைத்தானே தம்பி. அந்தச் செத்த டிஸ்க்கை இவள் என்ரை தங்கச்சியின்ரை மகன் கோபிசங்கரிட்டைக் குடுத்தவள். கம்பசில கொம்பியூட்டர் படிச்சவன். ரெண்டே நாளில எல்லாத்தையும் வெளியில எடுத்துக் குடுத்திட்டான். உம்மட்டைச் சொல்லவேண்டாம் எண்டு என்ரை வாயைக் கட்டினது இவள்தான்.

சிவரூபன்: ...எல்லாத்தையுமோ?

பிரதீபா: நாலைஞ்சு படம் மட்டும் வரேல்லை.

சிவரூபன்: அப்ப ஐயான்ரை புத்தகத்தைத் திரும்ப இருந்து அடிக்கேல்லையோ நீர்?

பிரதீபா: ஒரு எழுத்தும் அடிக்கேல்லை அண்ணை.

சிவரூபன்: கண் வீங்கிக் கிடந்ததே!

பிரதீபா: அப்பா செத்தவரெல்லே. அழுதனான்.

சிவரூபன்: ...அப்ப நான் அழிச்சது உமக்கு அண்டைக்கே தெரியும்.

பிரதீபா: டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை அக்கா, ஆரோ மாறி அழிச்சிருக்கினம் எண்டு கோபி சொன்னவன்.

சிவரூபன்: ரெண்டு வருசம் பிள்ளை! கோயில் வீதியில உங்கள் ரெண்டு பேரையும் கண்டா நான் மற்றப் பக்கத்தால திரும்பிப் போறனான். ஐயான்ரை புத்தகத்தை இண்டைவரைக்கும் நான் திறந்து பாக்கேல்லை. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை?

பிரதீபா: முதல்ல கோவம் அண்ணை. பொய் சொன்ன மனிசன் கொஞ்ச நாள் கிடந்து அவதிப்படட்டும் எண்டு பேசாமல் இருந்தன். பிறகு பாத்தன்... அப்பான்ரை முப்பத்தொண்டோட சொந்தக்காரர் எல்லாரும் போயிட்டினம். அதுக்குப் பிறகு கூப்பிட்ட உடன மழையெண்டும் பாராமல் இந்த வீட்டுக்கு ஓடி வந்த ஒரே ஆள் நீங்கள்தான். உண்மையைச் சொன்னா உங்கடை மனப்பாரம் இறங்கியிடும், இறங்கினாப் பிறகு எங்களிட்டை வர உங்களுக்கு ஒரு தேவையும் இராது எண்டு பயந்திட்டன். நீங்கள் பொய் சொன்னது ஒருநாள், நான் ரெண்டு வருசம்... இனியும் கூப்பிட்டா வருவியளோ அண்ணை?